பட்டியலில் பன்னிரண்டாவது

அனர்கான் எந்தத் தாளில் கை வைத்தாலும் முதலில் மேல் மூலையில் தேதியும் மணியும் போடுவாள். கிசில்பெல் கணவாயின் வானிலை நிலையத்தில் இருபத்தாறு வருஷம் எழுதிய கை அது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், நாளைக்கு எட்டுத் தரம் வெளியே போய்க் காற்றையும் குளிரையும் மேகத்தையும் பார்த்து எழுதி, ரேடியோவில் நாரின் ஊர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். நேரம் போடாத குறிப்பைக் குப்பையில் போடு என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சந்தைக்குப் போகும் புருஷனிடம் கொடுக்கும் சாமான் சீட்டில்கூட ‘அக்டோபர் 3, காலை 6.40’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழேதான் உப்பு, மாவு, தேயிலை எல்லாம் வரும்.

அவள் புருஷன் ஓமுர் நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பான். “உப்பு தீந்துபோன நேரத்தையும் நாரினுக்குச் சொல்லியாச்சா?” என்பான். அவளும், “சொல்லியாச்சு, பதில்கூட வந்துடுச்சு” என்பாள். பிள்ளை இல்லை. நிலையத்தில் இருந்த இன்னொரு ஊழியரையும் ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டார்கள். இருந்த ஒரே பேச்சுத்துணை ஓமுர்தான். அவனும் ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம் போய்விட்டான்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு அனர்கான் சொன்னது இதுதான்: காற்று விநாடிக்கு இருபத்தாறு மீட்டர், பனிச்சூறை, ஐம்பது மீட்டருக்கு அப்பால் கண் தெரியவில்லை. நாரினில் ரேடியோவை எடுக்கும் மைரம் வழக்கம்போல “கிடைச்சுதுக்கா” என்றாள். தகவல் தலைநகருக்குப் போனது, கணினியில் ஏறியது, சாயங்காலம் டிவியில்கூட வந்தது. கணவாயின் அடிவாரத்தில் ரோட்டுத் தடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஷாக்கிர் கிழவருக்கு மட்டும் போகவில்லை. வானிலைக்காரர்கள் ஓர் இலாகா, ரோட்டுக்காரர்கள் வேறோர் இலாகா. இவர் சொல்லை அவர் கேட்க வேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. அடிவாரத்தில் அப்போது வெயில்கூட அடித்ததாம். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஓமுர் ஹாரன் அடித்தான், கிழவர் தடுப்பைத் தூக்கிவிட்டார். நாலாம் நாள்தான் லாரியைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். அந்த நாலு நாளும் அனர்கான் எட்டுத் தரமும் தவறாமல் வெளியே போய் எழுதி அனுப்பினாள், வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு மனிதக் குரல் என்றால் மைரம் குரல்தான். பதினொரு வருஷப் பழக்கம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

அப்படி இருந்தவளைத்தான் ஓர் ஆகஸ்ட் மாதம் ரிஸ்பெக் தேடிக்கொண்டு வந்தான். ஓமுருக்குச் சித்தப்பா மகன், ‘பொன்வாசல்’ கட்சியின் செயலாளர். நாலு முலாம்பழத்தையும் ஒரு கட்டுத் தாளையும் மேஜையில் வைத்தான்.

“அண்ணி, தேர்தல் வருது. உங்க பேர் ஒண்ணு வேணும்.”

“என் பேர வச்சு என்ன பண்ணப்போற?”

“பட்டியல்ல போடணும். பன்னிரண்டாவது எடம்.”

எங்கள் நாட்டில் அப்போது ஆளுக்கு ஓட்டில்லை, கட்சிக்குத்தான் ஓட்டு. வாங்கிய ஓட்டுக்குத் தக்கபடி நாடாளுமன்றச் சபையின் நூற்றிருபது இடத்தில் பங்கு பிரியும். பட்டியலில் மேலேயிருந்து எண்ணி அத்தனை பேர் உள்ளே போவார்கள். பெண்களும் இத்தனை இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டதால், பட்டியல் எழுதும் காலத்தில் பெண்களுக்கு எங்கிருந்தோ ஒரு மதிப்பு வந்துவிடும். அக்காவைத் தேடுவார்கள், அண்ணியைத் தேடுவார்கள். ஜெயித்த பிறகு அதே அண்ணியிடம் வந்து, ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்று எழுதி வாங்குவார்கள், அடுத்த எண்ணில் இருக்கிற ஆண்பிள்ளை உள்ளே போவார். பொன்வாசல் கட்சி இதில் கெட்டிக்காரக் கட்சி. விலகல் கடிதத்தை முன்கூட்டியே, தேதி போடாமல் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளும்.

“நான் உள்ள போயிருவேனா தம்பி?” என்று அனர்கான் கேட்டாள்.

ரிஸ்பெக் பழத்தை வெட்டிக்கொண்டே சிரித்தான். “எட்டு தேறினாலே பெரிய விஷயம் அண்ணி. நீங்க மழைக்குக்கூட அந்தப் பக்கம் ஒதுங்க வேண்டியிருக்காது.”

ஏழு தாள். ஏழாவது தாள் விலகல் கடிதம். அனர்கான் படித்துப் பார்த்தாள். கிடைக்காத ஒன்றை விட்டுக்கொடுப்பதில் அவளுக்கு என்ன நஷ்டம்? ஏழிலும் கையெழுத்துப் போட்டாள். ரிஸ்பெக் பழத்தின் விதையைத் துப்ப ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். வந்து தாள்களைச் சுருட்டி உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அக்டோபரில் தேர்தல் முடிந்த மறுநாள், காலை ஒன்பது மணிக் குறிப்பைச் சொல்லி முடித்ததும் மைரம், “அக்கா, வைக்காதீங்க” என்றாள். “உங்க கட்சிக்குப் பதினாலு எடம். அஞ்சு கட்சி உள்ள வந்திருக்கு, யாருக்கும் பாதி இல்ல. பேப்பர்ல சபையோட படம் போட்டிருக்காங்க, எடத்துக்கு ஒரு புள்ளி. பதினாலு புள்ளி மஞ்சள். பன்னிரண்டாவது புள்ளி நீங்கக்கா.”

அனர்கான் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் ஓமுரின் தொப்பி மாட்டியிருந்தது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். அப்புறம் மெதுவாக ஒரு நினைப்பு வந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒரே ஒரு வரிச் சட்டம் கேட்கலாம்: வானிலை நிலையம் சொன்னால் தடுப்பு இறங்க வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியதில்லை. அந்த ஏழாவது தாள்தான் குறுக்கே நின்றது.

பத்து நாள் கழித்துக் கட்சித் தலைவர் தலைநகருக்கு வெளியே ஒரு பெரிய விருந்து மண்டபத்தில் மதிய விருந்து வைத்தார். நாரினிலிருந்து ஒரு பெண்ணை மாற்றாளாகப் போட்டுவிட்டு அனர்கான் போனாள். பெட்டியில் இருந்த ஒரே நல்ல உடுப்பு, ஓமுர் வாங்கிக் கொடுத்த நீலப் பட்டுச் சால்வை. மண்டபத்தில் யாரும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் விருந்தில் பேச்சைக் கேட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, தட்டைப் பார்த்தால் எல்லாம் தெரியும். ஆட்டை அறுத்தால் இன்னாருக்கு இன்ன எலும்பு என்று முறை இருக்கிறது. மூத்தவருக்குத் தலை, அடுத்தவருக்கு இடுப்பெலும்பு, அப்புறம் தொடையெலும்பு என்று வரிசையாக இறங்கும். பெண்களில் மூத்தவளுக்கு வாலெலும்பு, கொழுப்போடு. எலும்பு மாறினால் கலவரம் வரும். அதனால் பங்கு பிரிக்கிறவன் வீட்டுக்காரரிடம் காதோடு காதாக எல்லாம் கேட்டுக்கொண்டுதான் தட்டை எடுப்பான்.

பதினாலு பேரோடு பதினைந்தாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். எசென்குல், பெட்ரோல் பங்குக்காரர். இருபது இடம் வரும் என்று தலைவர் அவரிடம் சத்தியம் பண்ணியிருந்தார், அதை நம்பி மனிதர் பதினைந்தாம் எண்ணை வாங்கிக்கொண்டார். அனர்கானிடம் எட்டு என்றார்கள், அவரிடம் இருபது என்றார்கள், ஆளுக்குத் தகுந்த கணக்கு. இப்போது இறைச்சி பிரிக்கிறவன் பதின்மூன்றையும் பதினாலையும் தாண்டிப் போய் எசென்குல் முன்னால் தொடையெலும்பை வைத்தான். பிறகு அனர்கான் பக்கம் வந்து வாலெலும்பை வைத்தான், தட்டு கொள்ளாத அளவுக்கு. மண்டபத்தில் அவளைவிட மூத்த பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மரியாதை பண்ணி வழியனுப்புகிறார்கள். ஒரு வாய்கூட அவளால் சாப்பிட முடியவில்லை.

தேநீர் வருவதற்குள் ரிஸ்பெக் வந்து தோளைத் தொட்டான். முகம் வேர்த்திருந்தது. கோட்டு மாட்டும் நடைக்கு அவளை அழைத்துப் போய் ஒரு தாளை நீட்டினான். அடியில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று டைப் அடித்திருந்தது, மேலே பாதித் தாள் வெற்றாக இருந்தது.

“அண்ணி, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. கையெழுத்து மட்டும். தேதிய நாங்க போட்டுக்கறோம்.”

“போன தடவயே போட்டுக் குடுத்தேனே தம்பி.”

“அதுல டீ கொட்டிருச்சு.”

“எவ்வளவு கொட்டிச்சு?”

ரிஸ்பெக் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினான்.

“கொட்டினா கொட்டட்டும், காட்டு. நான் போட்ட கையெழுத்தத்தானே பாக்கப்போறேன்.”

அவன் உள்பையிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டினான். தேநீர்க்கறை எதுவும் இல்லை. மேல் மூலையில் அவளுடைய கோணல் எழுத்தில் ‘ஆகஸ்ட் 14, காலை 9.10’ என்று இருந்தது.

“பதவி வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ராஜினாமா பண்ணியிருக்கீங்க” என்றான் ரிஸ்பெக். “காலைல தேர்தல் ஆபீஸ்ல கொண்டுபோய்க் குடுத்தேன். இல்லாத எடத்துலருந்து எப்படி எந்திரிக்கிறதுன்னு கேட்டு என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. ஏன் அண்ணி தேதி போட்டீங்க? மணி வேற.”

அனர்கானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு. ஓமுர் இருந்திருந்தால் என்னவெல்லாம் சொல்லியிருப்பான் என்று நினைத்தாள், சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. சால்வை முனையால் துடைத்துக்கொண்டாள்.

“எசென்குல் உள்ள போனா கணவாய்த் தடுப்பப் பத்திப் பேசுவாரா?”

“எந்தத் தடுப்பு?”

“உங்க அண்ணன் செத்த ரோட்டுத் தடுப்பு.”

லாரியைத் தோண்டின நாலு நாளும் மண்வெட்டியோடு நின்றவன்தான் ரிஸ்பெக்கும். ஆனாலும் உள்ளே தலைவர் காத்துக்கொண்டிருந்தார். “அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி. இப்ப போட்டுருங்க. போடலன்னா அவங்க உங்கள மனுஷியாவே மதிக்க மாட்டாங்க. ஒருத்தர் உங்ககூட ஒக்காந்து சாப்பிட மாட்டாங்க.”

“ஏழு வருஷமா நான் யார்கூட ஒக்காந்து சாப்பிட்டேன்?”

அவள் பேனாவை வாங்கினாள். வெற்றுத் தாளின் மேல் மூலையில் தேதியும் மணியும் போட்டாள். டைப் அடித்த வரியை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, ‘விலகவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடமே கொடுத்தாள்.

விருந்து முடிந்து கிளம்பும்போது எல்லாரும் மீந்த இறைச்சியை வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு என்று பொட்டலம் கட்டினார்கள். அது எங்கள் வழக்கம், கட்டாமல் போனால்தான் தப்பு. கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கு யாரும் இல்லை. இருந்தாலும் வாலெலும்பைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் விடுதி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறிப்போனதைத் தனியாகத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

ரிஸ்பெக் சொன்னது பலித்தது. சபையில் பொன்வாசல் கட்சிக்கு ஒதுக்கிய வரிசையில் கடைசி நாற்காலி அவளுக்கு, பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டாம் நாளே முன்வரிசைக்கு மாறிக்கொண்டார். கட்சிக் கூட்டம் எப்போது என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டு அறையில் அவள் தட்டோடு வந்தால் மேஜையில் இருப்பவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். மற்ற நாலு கட்சிக்காரர்களும் அவளைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. சொந்தக் கட்சியை ஏமாற்றியவள் நம்மை விடுவாளா என்பது அவர்கள் கணக்கு. நூற்றிருபது பேர் இருக்கும் இடத்தில் அவள் நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. கணவாயிலாவது நாளைக்கு எட்டுத் தரம் பேசினாள்.

வாடகை அறையில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் தானாக விழிப்பு வரும். ஜன்னலைத் திறந்து மேகத்தைப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள், எழுதியதைச் சொல்ல ஆளில்லாமல் மூடி வைப்பாள். மைரம் குரலைக் கேட்டால் போதும் என்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்ணின் கைபேசி எண்ணைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நிலையத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்று ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க யோசித்தாள். ரிஸ்பெக்கும் மோப்பம் பிடித்தவன்போல ஒரு நாள் புதுத் தாளோடு வந்து நின்றான். அவள் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினாள்.

பேசுவதற்கு மூன்று நிமிஷம் கேட்டு நாலு தரம் எழுதிக் கொடுத்து, பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் கிடைத்தது. வியாழக்கிழமை பிற்பகல் என்றால் ஊருக்குக் கிளம்புகிற நேரம். சபையில் எண்ணி ஒன்பது பேர், அப்புறம் டிவி கேமரா ஒன்று. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அனர்கான் மைக்கின் பொத்தானை அழுத்தினாள். என்னென்னமோ எழுதி வைத்திருந்தாள், எதுவும் வாயில் வரவில்லை. கடைசியில் ரேடியோவில் சொல்வதைப் போலவே சொன்னாள்.

“கிசில்பெல் கணவாய் நிலையம். மார்ச் பதினொண்ணு, காலை ஆறு மணி. காத்து விநாடிக்கு இருபத்தாறு மீட்டர். பனிச்சூறை. ஐம்பது மீட்டருக்கு அப்பால் கண் தெரியல. இத நான் சொன்னேன். எல்லாருக்கும் போச்சு, தடுப்புல நின்னவருக்கு மட்டும் போகல. அவர் மேல தப்பில்ல, அவருக்கு யாரும் சொல்லல. ஏழு மணி இருபது நிமிஷத்துக்குத் தடுப்பு தூக்கினாங்க. லாரியில என் வீட்டுக்காரர் இருந்தார். நிலையம் சொன்னா தடுப்பு எறங்கணும்னு ஒரு வரி போடுங்க. ஒரு வரிதான்.”

சொல்லி முடித்துவிட்டு, விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு, காத்திருந்தாள். கைப்பழக்கம். கிடைத்தது என்று ஒரு குரல் வரும் என்று காத்திருந்தாள். சபைத் தலைவர், “நன்றி, குழுவுக்கு அனுப்பப்படும். அடுத்து” என்றார். அடுத்தவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். தூங்கியவர் எழுந்து செருப்பைத் தேடினார். இத்தனைக்கும் பிறகு இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

வரி குழுவுக்குப் போனது. குழு வசந்தகாலம் வரை கூடவேயில்லை.

அடுத்த திங்கள் மத்தியானம், நடையில் இருக்கும் மேஜைப் பெண் வந்து, “உங்களுக்கு நாரின்லேருந்து போன்மா” என்றாள். ரிசீவரை எடுத்ததும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அந்த மூச்சே அவளுக்குப் போதும், ஆளைத் தெரிந்துவிட்டது.

“அக்கா, மூணு எடத்துல நம்பர் கேட்டு உங்களப் பிடிச்சேன்” என்றாள் மைரம். “கணவாய்ல பன்னெண்டு மணிக்குக் காத்து இருபத்தெட்டு. புதுப் பொண்ணு சொல்லிச்சு. ஒரு நிமிஷத்துல அடிவாரத்துலேருந்து ஷாக்கிர் ஐயா போன் பண்றாரு, மேல எப்படி இருக்குன்னு. வாழ்க்கையில மொத தடவை கேக்கறாரு. வியாழக்கிழமை டிவில உங்களப் பாத்தாராம். அப்புறம் ரெண்டு நாள் சாப்பிடவே இல்லயாம்.”

அனர்கான் சுவரில் சாய்ந்துகொண்டாள். “நீ சொன்னியா?”

“சொன்னேன். உடனே தடுப்ப எறக்கிட்டாரு. உத்தரவு எங்கன்னு மேலதிகாரி கத்தறாராம். வேலைய விட்டு எடுத்தா எடுத்துக்கோன்னு தடுப்பு மேலயே ஒக்காந்திருக்காரு. பதினோரு லாரி நிக்குதாம்க்கா. பதினோரு பேரும் உங்க பேரச் சொல்லித்தான் திட்டிக்கிட்டு இருக்காங்களாம். நாரின் வரைக்கும் வந்துருச்சு, என்ன பேச்சு தெரியுமா.”

“பதினொண்ணுன்னு யார் எண்ணினது?”

“ஷாக்கிர் ஐயாதான். ரெண்டு தரம் எண்ணினாராம்.”

“திட்டட்டும்” என்றாள் அனர்கான். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. மேஜைப் பெண்ணிடம் பேனாவை வாங்கி, கையில் கிடைத்த தாளின் மேல் மூலையில் தேதியும் மணியும் போட்டாள். கீழே எழுதினாள். எழுதியதை ரேடியோவில் சொல்வதைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“லாரி பதினொண்ணு. எல்லாரும் கீழதான் இருக்காங்க.”

“கிடைச்சுதுக்கா” என்றாள் மைரம்.